பஸ் கேமுக்குள் லோன் விளம்பரம் ஏன் வருகிறது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“வணக்கம் சார். என் கணவர் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். மகனுக்கு 11 வயது. என் போனில்தான் பஸ் ஓட்டும் கேம் ஆடுவான். கோவையில் இருக்கும் என் அண்ணன் பிள்ளைகள் இருவரும் அதே நேரத்தில் அவர்கள் வீட்டிலிருந்து சேர்ந்துகொள்வார்கள். மூன்று பஸ்ஸும் வரிசையாகப் போகும். அதை நான் தடுப்பதில்லை. நடுவில் வரும் விளம்பரங்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. ரம்மி, உடனடிக் கடன், எடை குறைக்கும் மாத்திரை என்று வருகின்றன. போன மாதம் விளம்பரத்தை மூடப் போய் ஒரு லோன் ஆப் போனில் இறங்கிவிட்டது. பார்த்ததும் அழித்துவிட்டேன். ஆடி மாதத்தில் ஒருநாள், மிக்ஸி மாற்ற வேண்டும் என்று நானும் அவரும் அடுப்படியில் பேசினோம். அன்று சாயங்காலமே அவன் கேமில் மிக்ஸி விளம்பரம் வந்தது. நாம் பேசுவதைப் போன் கேட்கிறதா? இலவசம் என்று கொடுத்துவிட்டு இவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள்? கேமை அழித்துவிடட்டுமா?”

அன்புச் சகோதரிக்கு,

கேமை அழிக்க வேண்டாம். ஈரோட்டுப் பையனும் கோவைப் பிள்ளைகளும் ஒரே சாலையில் வரிசையாக பஸ் ஓட்டுவது நல்ல விஷயம். தமிழ்நாட்டுப் பையன்கள் இந்தோனேசியாவில் உருவான ஒரு பஸ் கேமில் நம்ம ஊர் அரசுப் பேருந்தின் நிறத்தைப் பூசி, ஹாரன் சத்தம் வரை மாற்றி ஓட்டுகிறார்கள். அந்த ஆர்வத்தைக் கெடுக்காமல் விளம்பரத் தொல்லையை மட்டும் பிரித்தெடுக்க வழி இருக்கிறது.

நான் பல ஆண்டுகளாக மொபைல் விளையாட்டுகளுக்குள் விளம்பரம் சேர்க்கும் மென்பொருள் வேலையில் இருப்பவன். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது “என் போனில்தான் ஆடுவான்” என்ற வரி. உங்கள் பிரச்சினையில் பாதிக்கு மேல் அந்த வரியில் இருக்கிறது. ரம்மியும் கடனும் மாத்திரையும் உங்கள் மகனைத் தேடி வரவில்லை, உங்களைத் தேடி வந்தவை. அந்தப் போனில் ஒரு சிறுவன் இருக்கிறான் என்பதே விளம்பரக்காரர்களுக்குத் தெரியாது.

அவன் பஸ்ஸைக் கொண்டுபோய் ஸ்டாண்டில் நிறுத்துகிறான். “விளம்பரம் பார்த்தால் காசு இரட்டிப்பு” என்று திரையில் வருகிறது. அவன் தொடுகிறான். அந்த நொடியில் கேமுக்குள் பொதிந்திருக்கும் ஒரு விளம்பர மென்பொருள் வெளியே ஒரு செய்தி அனுப்புகிறது. போன் எந்த மாடல், திரை எவ்வளவு பெரிது, எந்த மொழி, ஜியோவா ஏர்டெல்லா அல்லது வீட்டு வைஃபையா, இணைய முகவரியை வைத்துப் பார்த்தால் எந்த ஊர், இப்போது ஓடுவது எந்த கேம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எழுத்தும் எண்ணும் கலந்த 32 இலக்க அடையாளம் ஒன்று இருக்கும். அதை விளம்பர ஐடி என்பார்கள். கூகுள் இதை 2013இல் கொண்டுவந்தது. அதில் உங்கள் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. ஆனால் உங்கள் போனில் இருக்கும் ஆப்கள் பலவும் அதே ஐடியைத்தான் பார்க்கின்றன. ஷாப்பிங் ஆப்பில் நீங்கள் பார்த்த சேலையும், செய்தி ஆப்பில் நீங்கள் படித்த நகைக்கடன் வட்டி விவரமும், மகன் ஓட்டிய பஸ்ஸும் அந்த ஒரே ஐடியின் கீழ் போய்ச் சேரும்.

அடுத்து நடப்பதை உங்கள் கணவர் எளிதாகப் புரிந்துகொள்வார். மண்டியில் மஞ்சள் மாதிரியைப் பார்த்து வியாபாரிகள் விலை கோருவதுபோல, இங்கே அந்தச் செய்தியைப் பார்த்து விளம்பரம் வாங்கும் நிறுவனங்கள் விலை கோருகின்றன. பத்திருபது நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் செய்தி போகும். பதில் சொல்ல ஏறத்தாழ 100 மில்லி நொடிதான் நேரம், அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதிக விலை சொன்னவரின் விளம்பரம் திரைக்கு வருகிறது. கண்ணிமைப்பதற்குள் ஒரு ஏலம் முடிந்துவிடும். அடுத்த ட்ரிப் முடிந்ததும் இன்னொரு ஏலம்.

அந்த ஏலத்தில் சோப்புக் கம்பெனியும் இருக்கும், கடன் ஆப்பும் இருக்கும். ஒருவரிடம் சோப்பு விற்றால் சில ரூபாய்தான் லாபம். ஒருவர் கடன் வாங்கினால் கிடைக்கும் வட்டியும் கட்டணமும் அதைவிட எத்தனையோ மடங்கு. அதனால் கடன் ஆப் அதிக விலை சொல்லத் துணியும். சூதாட்ட ஆப்பும் அப்படித்தான். அதுவும் எதிர்முனையில் இருப்பது வருமானமோ கடன் தேவையோ உள்ள பெரியவர் என்று தகவல் சொன்னால் விலை இன்னும் ஏறும். உங்கள் போன் சொல்வது அதைத்தான்: ஈரோட்டில் குடும்பம் நடத்தும் ஒரு பெண்மணி, சாயங்காலம் தினமும் ஒரு மணி நேரம் பஸ் கேம் ஆடுகிறார்.

இலவச கேம் எப்படிச் சம்பாதிக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. இந்த கேம்களை ஆடுபவர்களில் பெரும்பாலானோர் ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதில்லை. மிகச் சிலர் நிறையச் செலவழிப்பார்கள். மற்றவர்களிடமிருந்து வருமானம் விளம்பரம் வழியாகத்தான் வர வேண்டும். நம் நாட்டில் ஒரு தடவை விளம்பரம் பார்ப்பதற்குக் கேம்காரருக்குக் கிடைப்பது சில பைசாதான். கோடிக்கணக்கான பேர் நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கும்போது அது பெரிய தொகை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் இந்தக் கணக்கு இந்தியாவில் பலித்தது. அதற்கு முன் எம்பி கணக்குப் பார்த்து நெட்டைப் போட்டோம். அந்த நிலைமையில் வீடியோ விளம்பரம் ஓடவே வழியில்லை. 2016இல் வந்த லூடோ கிங் 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் பரவியதும், நெட்டில் சேர்ந்து ஆடுவது நம் குடும்பங்களுக்குள் சாதாரணமாகிவிட்டது.

நெட்வொர்க்கும் விளம்பரமும் எப்படிப் பின்னிக்கொண்டன என்பதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமா தரப்பு, எக்ஸ்பாக்ஸ் என்ற கேம் பெட்டியில் ஆடும் கார் ரேஸ் கேம் உட்பட 18 விளையாட்டுகளுக்குள் விளம்பரம் வைத்தது. கேமில் சாலையோரம் நிற்கும் விளம்பரப் பலகையில் ஒபாமா படம் இருக்கும். ஆனால் போட்டி கடுமையாக இருந்த 10 மாநிலங்களில் ஆடியவர்களுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. மற்ற மாநிலங்களில் அதே சாலையில், அதே பலகையில் வேறு ஏதோ இருந்தது. கேம் பெட்டி இணையத்தோடு இணைந்திருந்ததால்தான் அது முடிந்தது. சிடியில் வந்த பழைய கேமில் பலகை எல்லோருக்கும் ஒன்றுதான். அன்று மாநில அளவில் பிரித்தார்கள். இன்று பிரிப்பது ஒவ்வொரு போனாக.

சேர்ந்து ஆடும் கேமில் விளம்பரத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது, பெற்றோர் அதிகம் கவனிக்காத வசதி. பஸ் ஓடும்போது விளம்பரம் போட்டால் வரிசை கலைந்துவிடும் என்பதால் ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவில் போடுகிறார்கள். அப்போது கோவையில் இரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். “டேய், வாடா சீக்கிரம்” என்று குரல் வருகிறது. உங்கள் மகன் விளம்பரத்தை எப்படியாவது மூடிவிட்டுத் திரும்பிப் போகத் துடிக்கிறான். மூடும் பெருக்கல் குறி கடுகளவுதான் இருக்கும். சில சமயம் ஐந்து நொடி கழித்துத்தான் வரும். சில விளம்பரங்களில் அந்தக் குறியே படமாக வரைந்து வைத்த பொய்க் குறி. அவசரத்தில் விரல் வேறெங்கோ பட்டுவிடும், ப்ளே ஸ்டோர் திறந்துவிடும். லோன் ஆப் இறங்கிய கதை பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். அவனைத் திட்ட வேண்டாம். பெரியவர்களுக்கே தவறும்படிதான் அந்தத் திரையை வடிவமைத்திருக்கிறார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்தே செய்வது இது. எனக்கு இதில் கோபம் உண்டு.

சரி, மிக்ஸிக்கு வருகிறேன்.

போன் ஒட்டுக்கேட்டிருக்கத் தேவையில்லை. நீங்கள் பேசிய பிறகு உங்கள் கணவர் தன் போனில் மிக்ஸி விலை பார்த்திருக்கலாம், அவரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு போனும் ஒரே வீட்டு வைஃபையில் இருந்தால் இணைய முகவரி ஒன்றாகத் தெரியும். ஒரே வீடு என்று ஊகித்து அவர் தேடியதை உங்கள் திரையில் காட்டுவது விளம்பரத் தொழிலில் வழக்கமான வேலை. மேலும் அது ஆடி மாதம். ஊரில் உள்ள கடைகளெல்லாம் தள்ளுபடி விளம்பரத்தைக் கொட்டும் நேரம். அதற்கு முந்தின வாரமும் மிக்ஸி விளம்பரம் வந்திருக்கும், பேசியிராததால் கண்ணில் பட்டிருக்காது.

ஆனால் உங்கள் சந்தேகம் ஆதாரமே இல்லாதது என்று ஒதுக்கிவிட மாட்டேன். 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ப்ளே ஸ்டோரில் இருந்த சுமார் 250 விளையாட்டுகளில் அல்ஃபோன்சோ என்ற நிறுவனத்தின் மென்பொருள் இருந்தது. வீட்டில் டிவியில் எந்த நிகழ்ச்சி, எந்த விளம்பரம் ஓடுகிறது என்பதை அது மைக் வழியாகக் கேட்டுக் கண்டுபிடித்தது. மனிதர்கள் பேசுவதைப் பதிவு செய்வதில்லை என்று அந்த நிறுவனம் சொன்னது. மைக்குக்கு அனுமதி கேட்டுத்தான் செய்தார்கள். அனுமதி கொடுத்தவர்கள் எத்தனை பேர் எதற்கென்று படித்துப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். ஒரு பஸ் கேமுக்கு மைக் எதற்கு? பிள்ளைகள் கேமுக்குள்ளேயே பேசிக்கொண்டால் தேவைப்படும். இல்லையென்றால் செட்டிங்ஸில் அந்த கேமைத் திறந்து பர்மிஷன்ஸ் பகுதியில் மைக்கை நிறுத்திவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள போன்களில் மைக்கோ கேமராவோ வேலை செய்யும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். நீங்கள் பேசாத நேரத்தில் அது தெரிந்தால் எந்த ஆப் என்று உடனே பாருங்கள்.

லொக்கேஷனையும் நிறுத்துங்கள். ஆனால் நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இந்தியர்கள் தொடங்கிய இன்மொபி என்ற விளம்பர நிறுவனத்துக்கு 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழக்கில் 9,50,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. லொக்கேஷனுக்கு அனுமதி மறுத்தவர்களின் இருப்பிடத்தைக்கூட அருகில் இருக்கும் வைஃபைகளை வைத்துக் கண்டறிந்தது என்பதும், குழந்தைகளுக்கான ஆப்களிலும் அதைச் செய்தது என்பதும் குற்றச்சாட்டு.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றே, இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. போனில் செட்டிங்ஸ், அதில் கூகுள், அதில் ஆட்ஸ் என்று போனால் “டிலீட் அட்வர்டைசிங் ஐடி” என்று இருக்கும். சில போன்களில் இது பிரைவசி பகுதியில் இருக்கும். அதை அழுத்துங்கள். அந்த 32 இலக்கங்களும் வெறும் பூஜ்யங்களாகிவிடும். இதனால் விளம்பரம் வருவது நிற்காது, எண்ணிக்கையும் குறையாது. உங்கள் கடந்தகாலத்தை வைத்து வரும் விளம்பரம்தான் குறையும்.

அடுத்தது சற்று மெனக்கெட வேண்டியது, ஆனால் உண்மையான தீர்வு இதுதான். மகனுக்கு அவனுடைய சரியான பிறந்த தேதியைக் கொடுத்துத் தனி கூகுள் கணக்கு உருவாக்குங்கள். ஃபேமிலி லிங்க் என்ற ஆப் வழியாக அந்தக் கணக்கு உங்கள் பொறுப்பில் இருக்கும். வீட்டு மேசை இழுப்பறையில் பழைய போன் ஒன்று கிடந்தால் சிம் இல்லாமல் அதை வைஃபையில் போட்டு அந்தக் கணக்கை மட்டும் அதில் வையுங்கள். இல்லையென்றால் உங்கள் போனிலேயே இன்னொரு யூசரைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். பல மாடல்களில் அந்த வசதி இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர் என்று தெரிந்தால் வயது, பாலினம், ஆர்வம் ஆகியவற்றை வைத்து விளம்பரம் காட்டுவதில்லை என்று கூகுள் 2021இல் அறிவித்தது. குழந்தைகளுக்கென்று வகைப்படுத்திய ஆப்களில் இன்னும் கண்டிப்பான விதிகள் உண்டு. இவையெல்லாம் நடைமுறைக்கு வர, ஆடுவது குழந்தை என்று போனுக்குத் தெரிந்தாக வேண்டும். நம் வீடுகளில் பிறந்த ஆண்டைக் கேட்டால் கேம் சீக்கிரம் திறக்கட்டும் என்று 1985 என்று போட்டுவிடுகிறோம். பிள்ளைக்கு இருக்கும் பாதுகாப்பு முழுவதும் அந்த இடத்தில் போய்விடுகிறது.

சட்டமும் இதையேதான் நம்பியிருக்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகும். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அப்போதும் அம்மாவின் கணக்கில் ஆடும் பையனைச் சட்டம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்பது கடினமான கேள்விதான்.

ப்ளே ஸ்டோரில் பணம் கட்டும் இடத்துக்கு ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். கேமுக்குள் “விளம்பரத்தை நீக்க இவ்வளவு ரூபாய்” என்று ஒரே தடவை கட்டும் வழி இருந்தால், தொகை கட்டுப்படியாகுமானால், கட்டிவிடுங்கள். பிள்ளைகளின் கேமுக்குப் பணம் கட்டுவதா என்று நம்மவர்கள் தயங்குவார்கள். தினமும் பத்து விளம்பரம் பார்க்கும் பிள்ளைக்கு அது நல்ல செலவு என்றே நினைக்கிறேன். மாதா மாதம் பிடிக்கும் சந்தா என்றால் வேண்டாம்.

காசு இரட்டிப்புக்காக அவனாக விரும்பி விளம்பரம் பார்ப்பதையும் பேசித் தீர்க்க வேண்டும். கோவைப் பிள்ளைகளிடம் புது பஸ் வந்துவிட்டால் இவனுக்கும் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை விளம்பரம் பார்த்தால் ஒரு பஸ் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை நிமிடம் என்று வந்ததும் அந்த பஸ் வேண்டுமா என்று அவனே யோசிப்பான். மண்டிக் கணக்கர் மகன், கணக்கு பிடிபடும்.

இறங்கிய லோன் ஆப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். திறந்து பான் எண், ஆதார், போன் நம்பர் எதுவும் கொடுக்காமல் அழித்திருந்தால் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. மகனிடம் கோபப்படாமல் கேளுங்கள், திறந்து பார்த்தானா, “அலவ்” என்று எதையாவது தொட்டானா என்று. கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று ப்ளே ஸ்டோரில் 2023இலிருந்து தடை இருக்கிறது. ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நேரடியாக இறங்கிய ஆப் என்றால் அந்தத் தடை செல்லாது, அங்கேதான் எச்சரிக்கை தேவை. வாங்காத கடனைக் கேட்டு யாராவது மிரட்டினால் ஒரு ரூபாயும் அனுப்பாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். உண்மையிலேயே கடன் தேவைப்படும் நேரத்தில், அனுமதி பெற்ற நிறுவனங்களின் கடன் ஆப் பட்டியலை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ரம்மி விளம்பரம் விஷயம் இப்போது வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. விளம்பரம் செய்வதற்கே 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் மகனின் பஸ் கேம், பணம் கட்டாமல் ஆடும் லூடோ போன்றவை இதில் வராது. ஆக, இனி ரம்மி விளம்பரம் வந்தால் அது சட்டத்துக்குப் புறம்பானது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, விளம்பரத்தின் மூலையில் இருக்கும் சின்ன ஆங்கில “i” குறியைத் தொட்டுப் புகார் செய்யுங்கள். அதே கேமில் திரும்பத் திரும்ப வந்தால் ப்ளே ஸ்டோரில் அந்த கேமைப் பற்றியும் புகார் எழுதலாம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் அமெரிக்காவில் இரண்டு வழக்குகளை முடித்துக்கொள்ள மொத்தம் 52 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, குழந்தைகளுக்கும் முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியைத் தொடக்கத்திலேயே திறந்து வைத்திருந்தார்கள் என்பது. உங்கள் மகன் ஆடும் கேமில் தனி அறை உருவாக்கி, குறியீட்டு எண் கொடுத்து அழைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூன்று பிள்ளைகளும் அதில் மட்டும் சேரட்டும். பேச்சுக்கு கேமின் மைக் வேண்டாம். உங்கள் அண்ணன் வீட்டுக்கு இன்னொரு போனில் கால் போட்டு ஸ்பீக்கரில் வைத்தால் போதும். அவன் பழைய போனில் ஓட்டுவான், நீங்கள் சமைத்துக்கொண்டே அண்ணியிடம் பேசலாம். இதே கணக்கு ஏற்பாட்டை அவர்களையும் செய்யச் சொல்லுங்கள். மூன்று பேரில் ஒருவர் போனில் மட்டும் மாற்றினால், பள்ளி விடுமுறையில் கோவைக்குப் போகும்போது அவன் மாமா போனில் மறுபடி நாற்பது வயதுக்காரராகிவிடுவான்.